சாட்சிக் குழாய்

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் சீரம் அறையில் திட்டு வாங்காத ஜீவனே இல்லை. முதலில் ஆடு வாங்கியது. பிறகு ஆட்டு ரத்தம் கொடுத்த கசாப்புக்காரன், பிறகு கினிப்பன்றிகள், அப்புறம் பெர்லின் நகரத்துக் குழாய்த் தண்ணீர், கடைசியில் நான். கண்ணாடிக் குழாய்களை நான் சரியாகக் கழுவவில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கை சோடாவில் வெந்து தோல் உரிந்து கிடந்தது. அதைக் காட்டினால் அறைத் தலைவர் டாக்டர் ராம்பெர்க் ஜன்னலைப் பார்ப்பார்.

சிபிலிஸ் என்கிற மேகநோய் ஒருவர் ரத்தத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. நோய் உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்த்து ரத்தத்தில் ஏதோ ஒன்றை உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் என்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாது, சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். நோயோடு பிறந்து இறந்த சிசுவின் ஈரலிலிருந்து எடுத்த சாறு, கினிப்பன்றி ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம், சோதிக்க வேண்டிய ஆளின் சீரம், மூன்றையும் கலந்து வெப்பப் பெட்டியில் வைப்போம். பிறகு பக்குவம் செய்த ஆட்டு ரத்தத்தை அதில் விடுவோம். ஆட்டு ரத்தம் கரைந்து குழாய் முழுதும் தெளிவாகச் சிவந்தால் ஆள் சுத்தம். கரையாமல் அடியில் சிவப்பாகப் படிந்து மேலே வெறும் தண்ணீர் நின்றால் நோய். முதல் தடவை அந்த ஈரலைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. மனுஷிக்கு எதுதான் பழகாது?

இதில் ஒரு காவல் உண்டு. தினமும் ஒரு குழாயில் நோயே இல்லாத ஆளின் சீரத்தை விடுவோம். சாட்சிக் குழாய் என்று அதற்குப் பெயர். அது கரைந்தே தீர வேண்டும். கரையவில்லையென்றால் அன்றைய கலவையில் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். மற்றக் குழாய்களை யாரும் படித்து முடிவு சொல்லக் கூடாது, அத்தனையையும் கொட்டிவிட வேண்டும். சாட்சி ரத்தம் தருவது அறைத் தலைவரின் உரிமை. பழைய பேராசிரியர் திங்கட்கிழமைதோறும் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஏதோ ஆசீர்வாதம் செய்வதுபோலக் கையை நீட்டுவார். பெர்லினிலேயே சுத்தமான ரத்தம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கோடை முடிவில் அவர் ஓய்வு பெற்றார். அதே வாரத்தில் எல்லாமே மாறியது. கசாப்புக்காரன் புதிது, ஈரல் சாறு புதிது, வெப்பப் பெட்டி புதிது, தலைவர் டாக்டர் ராம்பெர்க்கும் புதிது. அன்று முதல் சாட்சிக் குழாய் கரையவில்லை. சில நாள் அரைகுறையாகக் கரையும், பல நாள் அடியில் கல்லுமாதிரி உட்கார்ந்துகொள்ளும். நாங்களும் வேலையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தோம். 

எங்கள் அறையில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பூல்கேவுக்கு இதில் மகா கோபம். தன் கினிப்பன்றிகளைப் பழித்தால் அவருக்குப் பொறுக்காது.

"எம் பன்னிங்க ராத்திரி டான்ஸ் ஆடப் போகுதா, சாராயம் குடிக்குதா? கேரட்டத் தின்னுட்டுக் கிடக்குது பாவம். அதுங்க மேல என்ன தப்பு?" என்பார்.

"உங்க பன்னிங்க யோக்கியம்தான் பூல்கே. நாங்க சந்தேகப்படறது உங்களத்தான். கேரட்ட நீங்க தின்னுடறீங்களோன்னு" என்பார் இளைய டாக்டர் லெவீசோன். அவருக்கு எதிலும் கேலி.

எனக்குக் கேலி வரவில்லை. நாங்கள் கொட்டிய குழாய்களில் ஒன்று என் சித்தப்பா மகள் வோர்ஷாவுடையது.

வோர்ஷா எங்கள் ஊர்க்காரி, ஸ்ப்ரே ஆற்றுச் சதுப்பு நிலத்துப் பெண். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெர்லின் பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுக்க வருவது பழைய வழக்கம். கஞ்சி போட்ட பெரிய தலைக்கட்டும் பூப்போட்ட பாவாடையுமாக அவர்கள் பூங்காவில் எஜமானர் பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டு போவதுதான் வீட்டுக்கு அந்தஸ்து. அப்போது இன்னும் தலைவராகாத ராம்பெர்க் வீட்டில் குழந்தை பிறந்ததும் ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் வோர்ஷாவைச் சொன்னேன். அவளுக்கும் அப்போதுதான் பிறந்திருந்த ஹான்சோ இருந்தான். அவனை ஆட்டுப்பாலோடு மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். வீட்டில் சேர்க்கும் முன் அவள் ரத்தத்தை எங்கள் அறையில்தான் சோதித்தார்கள். அப்போது பழைய பேராசிரியர் இருந்தார், சாட்சி ஒழுங்காகக் கரைந்தது, வோர்ஷாவின் குழாயும் செர்ரிச் சாறுபோலச் சிவந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். 

இப்போது அந்த வீட்டுக் குழந்தைக்கு மூக்கு ஓயாமல் ஒழுகியது. வாயோரத்தில் வெடிப்பு, உள்ளங்காலில் தடிப்பு. வோர்ஷாவின் இடது மார்பில் ஒரு புண். எஜமானியம்மா ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இவள்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தாள். தலைக்கட்டைக்கூடச் சரியாகக் கட்டவிடாமல் வெளியே தள்ளினார்கள். அவள் மூட்டையோடு என் வாடகை அறைக்கு வந்தாள். 

"உண்மையச் சொல்லுடி. யாராச்சும் பட்டாளத்தானா?" என்று அன்று அவளைக் கேட்டேன். எனக்கும் சந்தேகம்தான், மறைப்பானேன்.

"பட்டாளத்தானா? அந்தத் தலைக்கட்டோட நான் கதவுக்குள்ள நுழையறதே பெரும்பாடு. இதுல பட்டாளத்தான வேற எங்கக்கா ஒளிச்சு வைக்கிறது?" என்றாள். சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். "எம் புருஷன் மாட்டோவத் தவிர எனக்கு ஒருத்தனும் தெரியாது. என் ரவிக்கையப் பாரு, பால் நனைச்சுக்கிட்டே கிடக்கு. பீச்சிப் பீச்சித் தொட்டியில ஊத்தறேன். அங்க எம் புள்ள ஆட்டுப்பால் குடிக்கிறான். என்னை வீட்டுக்கு விடுக்கா." 

"ரத்தம் பேசற வரைக்கும் ஓர் அடி நகரக் கூடாது."

"பேசாட்டி?"

"பேசும். சுத்தம்னு வந்தா அன்னிக்கே ரயிலேறு. இல்லேன்னு வந்தா ஹான்சோ உங்கிட்ட ஒரு வாய் குடிக்கக் கூடாது. அந்தப் புண்ணு அவன் வாய்ல பட்டாப் போதும்."

 தினமும் மாலை நான் படியேறும்போதே அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். சாட்சி கரையவில்லை, உன் குழாயைப் படிக்கவில்லை. இதை அவளுக்கு எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிவிட்டேன். 

அன்று டாக்டர் ராம்பெர்க் காலையில் வரவில்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆள் வந்து சொன்னான். பனிப்பெட்டியில் அவருடைய சாட்சிச் சீரம் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் இருந்தது. லெவீசோன் புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தலைவர் இல்ல, தலைவர் ரத்தமும் தீந்துபோச்சு. இப்ப யார் ரத்தம் உசத்தி?" என்றார்.

"என் ரத்தம் வேணாம் சார். அது பூரா பீரு" என்றார் பூல்கே.

"பீருக்கு நம்ம சோதனை கிடையாது. சட்டையக் கழட்டுங்க."

பூல்கே முனகிக்கொண்டே கையை நீட்டினார். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பன்றிகளைக் குத்திய மனுஷர். 

லெவீசோன் பூல்கேயின் சீரத்தைச் சாட்சிக் குழாயில் விட்டார். நான் புட்டியில் மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று வரிசையின் கடைசியில் இன்னொரு குழாயில் விட்டேன். எங்கள் வீட்டில் ரொட்டித் துணுக்கைக்கூட எறிய மாட்டோம். கையோடு வந்த குணம். நடுவில் வோர்ஷாவின் குழாய், மற்ற நோயாளிகளின் குழாய்கள். வெப்பப் பெட்டியில் வைத்தோம், எடுத்தோம், ஆட்டு ரத்தம் விட்டோம், மறுபடி வைத்தோம். 

மறுபடி பெட்டிக் கதவைத் திறந்து குழாய்த் தாங்கியை எடுத்தபோது லெவீசோன் ஒரு விசில் அடித்தார். சாட்சிக் குழாய் கரைந்திருந்தது. சொட்டு மிச்சமில்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் மாணிக்கம்போல நின்றது. இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட அப்படி நாங்கள் பார்க்கவில்லை. அவர் பூல்கேவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 

"பூல்கே, உங்களுக்குச் சிலை வைக்கணும். ஆடு யோக்கியம், பன்னி யோக்கியம், ஈரல் சாறு யோக்கியம், பிராய்லைன் பூடிக் கழுவுன குழாயும் யோக்கியம்" என்று என் பக்கம் திரும்பினார். 

"நான் முன்னாடியே சொன்னேன்ல. பன்னிங்க மேல தப்பே இல்லேன்னு."

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரில் உள்ள பழி எல்லாம் என் தலையிலிருந்து இறங்கியது. பூல்கே எங்கிருந்தோ ஒரு பீர் பாட்டிலை எடுத்துவிட்டார். லெவீசோன் அதை வாங்கிக்கொண்டே தாங்கியின் கடைசிக் குழாயைத் தூக்கினார். அது கரையவில்லை. அடியில் ஆட்டு ரத்தம் அப்படியே படிந்து கிடந்தது.

"இது யாரு? ரொம்ப முத்துன கேஸா இருக்கே" என்றார்.

"அது நோயாளி இல்ல. தலைவரோட மிச்சச் சீரம். வீணாப் போகுதேன்னு விட்டேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. லெவீசோனின் கை அந்தரத்தில் நின்றது. பூல்கே பாட்டிலைச் சத்தம் வராமல் மேஜையில் வைத்தார். அதே சாறு, அதே ஆடு, அதே பன்றி, அதே தண்ணீர். மாறியது ரத்தம் ஒன்றுதான். இத்தனை வாரமும் எங்கள் குழாய்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நாங்கள் ஆட்டைத் திட்டினோம், தண்ணீரைத் திட்டினோம். கையை நீட்டிய மனுஷரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவர் ரத்தத்தைச் சந்தேகிக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

"கடவுளே" என்றார் லெவீசோன். "அந்தக் குழந்த." 

நான் குழந்தையை நினைக்கவில்லை. என் கண் தாங்கியின் நடுவுக்குப் போயிற்று. இன்றைக்குச் சாட்சி கரைந்துவிட்டது, ஆகவே எல்லாக் குழாய்களையும் படிக்கலாம். வோர்ஷாவின் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே தண்ணீர், அடியில் சிவப்பு. குலுக்கிப் பார்த்தேன். கலங்கி மேலே வந்து மறுபடி அடியில் இறங்கியது.  சுத்தமாக அந்த வீட்டுக்குள் போனாள். மார்பைக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவளைப் போய்ப் பட்டாளத்தான் யாரென்று கேட்டேனே. 

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ராம்பெர்க் உள்ளே வந்தார். முகம் தூக்கமில்லாமல் வெளுத்திருந்தது. எங்கள் மூவரையும் பார்த்தார், பீர் பாட்டிலைப் பார்த்தார், சாட்சிக் குழாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கரைஞ்சிடுச்சே. என்னய்யா மாத்துனீங்க?"

 லெவீசோன் வாயைத் திறந்து மூடினார். அத்தனை கேலி பேசுகிற வாய். 

"ரத்தத்த மாத்துனோம்" என்றேன் நான். "அது பூல்கேவோடது. கடைசில இருக்கறது உங்களோடது."

அவர் கடைசிக் குழாயை எடுத்து ஜன்னலுக்குப் போனார். குலுக்கினார். காத்திருந்தார். மறுபடி குலுக்கினார். 

"குழாய் அழுக்கு" என்றார்.

 லெவீசோன்தான் மெல்லச் சொன்னார்: "எல்லாம் ஒண்ணாக் கழுவுனது சார்."

அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். குழாயைக் கையை விட்டு விடவில்லை. 

"மாணவனா இருந்தப்ப ஒரு தடவ வந்துச்சு" என்றார், எங்களுக்கு இல்லை, குழாய்க்கு. "பாதரசம் தேய்ச்சாங்க. பல்லெல்லாம் ஆடிப்போச்சு. குணமாயிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் நான் கல்யாணமே பண்ணிக்கிட்டேன். எம் மனைவிக்கு ஒண்ணுமே இல்லையே. உடம்புல ஒரு புள்ளிகூடக் கிடையாது."

"அவங்க ரத்தத்த யாரும் கேக்கலையே" என்றேன். "வேலைக்காரி ரத்தத்த மட்டும்தானே கேட்டோம்."

என் வேலை அந்த நிமிஷமே போயிருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த முகத்தில் அடி வாங்கிய பிள்ளையின் திகைப்புத்தான் இருந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராய் என்னைப் பார்த்தார். 

"உன் தங்கச்சி குழாய்?"

நீட்டினேன். பார்த்தார். குழாயைத் தாங்கியில் திரும்பச் செருகினார்.

"அவள ஊருக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

"என்னது?"

"காலையில. எம் மனைவி கேக்கல, அவ பெர்லின்ல இருக்கவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னா. கோச்சுவண்டியில ஆள அனுப்பி ரயிலேத்திட்டேன்." 

"அவ போக மாட்டாளே. ரத்தம் பேசற வரைக்கும் நகராதேன்னு சொல்லியிருந்தேனே. என்ன சொல்லி அனுப்புனீங்க?"

"ஒண்ணும் இல்ல, நீ சுத்தம்னு சொல்லச் சொன்னேன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "சாட்சி கரையாத அன்னிக்கு மத்த குழாயப் படிக்கக் கூடாது. படிக்காத குழாய்ல நோய் இருக்குன்னு சொல்ல முடியாதில்ல? அது நம்ம விதி."

"அதே விதியில சுத்தம்னும் சொல்ல முடியாதே, டாக்டர்."

 நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேலங்கியை எடுத்தேனா, யாரிடமாவது சொல்லிக்கொண்டேனா, ஒன்றும் நினைவில்லை. கை கால் ஓடவில்லை என்று சொல்வார்களே, எனக்கு அன்று கால் மட்டும்தான் ஓடியது. பெர்லினின் கெர்லிட்ஸ் ரயில் நிலையத்தில் ஊர்ப்பக்கம் புறப்பட்டுக்கொண்டிருந்த வண்டியைப் பிடித்தேன். ரயில் மணல்காட்டையும் பைன் மரங்களையும் தாண்டி ஊர்ந்தது. எதிரே இருந்த அம்மாள் ரொட்டி நீட்டினாள், வேண்டாம் என்றேன். காலையில் போனவள் இந்நேரம் எங்கே இருப்பாள் என்று மட்டும் மனசு கணக்குப் போட்டது. லியுபெனா நிலையத்தில் இறங்கியிருப்பாள். ஊருக்குப் போகப் படகு கிடைத்திருக்காது. கிடைத்திருந்தாலும் துணி துவைக்கப் போயிருப்பாள், மாமியார் வேலை ஏவியிருப்பாள், பிள்ளை அம்மாவை அடையாளம் தெரியாமல் அழுதிருக்கும். என்னென்னவோ எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 

படகுக்காரன் தெரிந்தவன். "வோர்ஷா வந்துட்டாளே, தெரியாதா? கரையில கால் வைக்கறதுக்குள்ள ரவிக்கையில கை வச்சிட்டா. அவ்வளவு அவசரம்" என்று சொல்லிச் சிரித்தான். நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துடுப்பு தண்ணீரில் மெதுவாகத்தான் விழுந்தது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாமியார் மேஜையில் வெள்ளரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அடுப்போரப் பலகையில் வோர்ஷா. தலைக்கட்டு இல்லை, பின்னல் முதுகில் கிடந்தது. மடியில் ஹான்சோ. வாய் மார்பில். 

"சத்தம் போடாதக்கா. இப்பத்தான் கண்ண மூடறான்" என்றாள். முகம் பூராவும் சிரிப்பு. "எங்க என்னை மறந்திருப்பானோன்னு பயந்தேன். மோந்து பாத்த உடனே பிடிச்சிக்கிட்டான். வந்ததுலேருந்து விடவே மாட்டேங்கறான். ஆட்டுப்பாலக் காலால உதைச்சுத் தள்ளிட்டான், திருடன். வலது பக்கம் போட்டா அழறான், இந்த இடது பக்கம்தான் வேணுமாம். புண்ணு உயிர் போகுது. போகட்டும்னு விட்டுட்டேன்." 

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் ஆளனுப்பிச் சொன்னாரே, சுத்தம்னு. நீ ஏன்க்கா இப்படி ஓடி வந்திருக்க?"

"வோர்ஷா, புள்ளைய எங்கிட்டக் குடு."

கொஞ்சத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாள். விரலால் அவன் வாயை மெல்ல விடுவித்து, பாவாடை நுனியால் உதட்டைத் துடைத்து, "இந்தா, உன் பங்குக்கு நீயும் கொஞ்சிக்கோ" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தான், சூடாக இருந்தான். தூக்கத்திலும் அவன் வாய் சப்பிக்கொண்டிருந்தது. அந்த உதட்டை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. 

"கரையல" என்றேன்.

"எது கரையல?" என்று கேட்டுக்கொண்டே, இன்னும் சிரித்த முகமாக, பிள்ளையைத் திரும்ப வாங்க அவள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.